சகலை போட்ட பம்ப்

என் வீட்டுக்காரருக்குத் தொழிலில் வைத்த பட்டப்பெயர் மைக்ரான். பந்தயக் கார்களுக்கு என்ஜின் கட்டுகிறவர். மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாக வெட்டினால் அதில் ஒரு துண்டு. அந்தத் துண்டு கூடிவிட்டது, குறைந்துவிட்டது என்று சாப்பாட்டைக்கூட மறந்து உட்கார்ந்திருக்கிற மனுஷன் அவர். வீட்டிலும் அதே கதைதான். அலமாரிக் கதவைச் சாத்தினால் இடுக்கில் காகிதம் நுழையக் கூடாது. வாசலில் என் செருப்பு கோணலாகக் கிடந்தால் தாண்டிப் போக மாட்டார். குனிந்து நேராக்கிவிட்டுத்தான் போவார். கல்யாணமான புதிதில் இதை நான் பாசம் என்று நினைத்துக்கொண்டேன்.

என் அக்கா வீட்டுக்காரருக்கும் அதே தொழில். அவருக்குப் பெயர் தாராளம். வாய் தாராளம், சிரிப்பு தாராளம், அவர் கட்டுகிற என்ஜினும் தாராளம். என்ஜினுக்குள் சுற்றுகிற கிராங்குக்கும் அதைத் தாங்குகிற பேரிங்குக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி இருக்கும். அதில்தான் ஆயில் நின்று இரும்பை இரும்பிடமிருந்து காப்பாற்ற வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த இடைவெளியை இறுக்கமாக வைப்பார். அத்தான் தளர்வாக வைப்பார். இரண்டும் சரியான வழிதான், அததற்கு ஏற்ற சாமான் போட்டால். இதை நான் சொல்லக் கூடாது. எங்கள் வீட்டில் சொன்னால் அன்றைக்கு அடுப்பு எரியாது.

பட்டறைகளே நிறைந்த தெருவில் இந்தக் கோடியில் எங்கள் ஷெட், அந்தக் கோடியில் அவர்கள் ஷெட். அங்கே ஒரு என்ஜினை ஸ்டார்ட் செய்தால் இங்கே இவர் கையில் இருக்கும் ஸ்பேனர் நின்றுவிடும். தலையைச் சாய்த்துக் கேட்பார். "டைமிங் சரியில்ல" என்பார். பிறகு அந்த என்ஜின் ஏதாவது ஒரு பந்தயத்தில் ஜெயித்து வரும். இவர் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார்.

பந்தயம் ஓட்டுகிறவன் யார் என்று பார்த்தால் வேறு யாருமில்லை, எங்கள் தம்பிதான். அக்கா, நான், கடைக்குட்டியாக அவன். அவன் கார் ஓட்டத் தொடங்கிய நாளிலிருந்து என்ஜின் அத்தானுடையது. வாங்கிய கோப்பைகளையெல்லாம் அம்மா தன் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறாள். அலமாரிக்குப் பக்கத்தில், ஜன்னலை ஒட்டி மெத்தை போட்ட நாற்காலி ஒன்று. அந்த வீட்டில் காற்று வருகிற ஒரே இடம் அதுதான். அத்தான் வந்தால் நேராக அதில் போய் உட்காருவார். அம்மா தண்ணீரை அவர் கையிலேயே கொண்டுபோய்க் கொடுப்பாள். என் வீட்டுக்காரருக்கு வாசல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலி. தண்ணீரை அவரே போய் எடுத்துக்கொள்ள வேண்டும்.

பொறாமை என்று யாராவது சொல்லிவிட்டால் இவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எனக்கென்ன பொறாமை? அந்தாளு வாயாலயே என்ஜின் ஓட்றாரு" என்பார். சொல்லும்போதே காதில் புகை வருவது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும் வரவில்லையா என்ன? சின்ன வயதிலிருந்து புதுத் துணி அவளுக்கு, அவள் போட்டுக் கழித்தது எனக்கு. இப்போதும் போனை எடுத்தால் "எங்க வீட்டுக்காரர் கை வெச்சா" என்றுதான் அக்கா ஆரம்பிப்பாள். நான் "ம்" கொட்டிக்கொண்டே பாத்திரம் தேய்ப்பேன். அன்றைக்குப் பாத்திரம் பளபளவென்று இருக்கும்.

இப்படியிருக்கும்போது தம்பிக்கும் அத்தானுக்கும் முட்டிக்கொண்டது. நாலு பேர் நடுவில் அத்தான், "கார என் என்ஜின் ஓட்டுது. இவன் சும்மா ஜன்னல் சீட்டுல உக்காந்து வர்ற மாதிரி வர்றான்" என்று சொல்லிச் சிரித்திருக்கிறார். அவருக்கு அது தமாஷ். தம்பிக்கு அது ரோஷம். மறுநாளே காரை எங்கள் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

"சின்ன மாமா, இந்தத் தடவ நீங்க கட்டுங்க. முதல் ரேஸ்ல மட்டும் நிக்காம ஓடிக் காட்டட்டும். அப்புறம் என் கார் உங்க ஷெட்ட விட்டு வெளிய போகாது."

இவர் தலையை மட்டும் ஆட்டினார். தம்பி போன பிறகு காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். பானெட்டைத் திறந்தார், மூடினார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் என்னிடம் அத்தான் செய்த தப்புகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கு அந்த மெத்தை நாற்காலிதான் கண் முன்னால் நின்றது.

கட்டினார். சும்மா சொல்லக் கூடாது, தவம் மாதிரி கட்டினார். ஒவ்வொரு பேரிங்கையும் போட்டு, அளந்து, கழற்றி, மறுபடி போட்டு அளந்தார். எங்கள் ஷெட்டில் கழுவுகிற வேலை, எடுத்துக்கொடுக்கிற வேலை, வருகிறவர்களிடம் பேசுகிற வேலை எல்லாம் எனக்கு. எனவே எது என்ன என்று எனக்கும் தெரியும். கடைசியில் ஆயில் பம்ப் மட்டும் பாக்கி. என்ஜினின் அடித்தொட்டியில் கிடக்கிற ஆயிலை உறிஞ்சி மேலே எல்லா இடத்துக்கும் தள்ளுகிற சாமான் அது. அதைச் சுற்றி விடுவது பென்சில் பருமனில் ஒரு சின்னத் தண்டு. சாதாரண பம்ப் ஒன்றை முன்பே வாங்கிப் பிரித்து, தேய்த்து, சரிபார்த்து, எண்ணெய்த் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"இது போதுமா?" என்று கேட்டேன்.

"நம்ம இடைவெளிக்கு இதுதான். நாம இறுக்கமா வெச்சிருக்கோம், ஆயில் சட்டுனு வெளிய ஓடாது. பெரிய பம்ப் போட்டா தள்றதுக்கு வழியில்லாம அதுவே அதோட மல்லுக்கட்டும். அந்தத் தண்டுதான் பாவம்."

இதை அவரே சொன்னார். அவர் வாயால், ஷெட்டில் நின்றுகொண்டு, டீ குடித்துக்கொண்டே சொன்னார். நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தானிடம் இரவல் வாங்கியிருந்த, போல்ட்டை அளவாக முறுக்குகிற டார்க் ரெஞ்சை அன்றைக்கே திருப்பிக் கொடுக்கப் போனார். நானும் கூடப் போனேன், அக்கா புதுசாக வாங்கிய தையல் மெஷினைப் பார்க்கிற சாக்கில். அத்தான் அங்கே ஒரு என்ஜினை ஸ்டாண்டில் ஓடவிட்டிருந்தார். பந்தயப் பித்துப் பிடித்த பல் டாக்டர் ஒருவருக்காகக் கட்டிய என்ஜின். தம்பி போன இடத்துக்கு அவரைப் பிடித்துப் போட்டிருந்தார். ஆயில் அழுத்தத்தைக் காட்டுகிற மீட்டரில் முள் உச்சிக்குப் பக்கத்தில் நின்றது.

"வா சகலை, வா. முள்ளப் பாத்தியா? பெரிய பம்ப்! ஊத்துது ஊத்து. நீ என்ன, இன்னும் அந்தக் குழந்தைக்குப் பால் புகட்ற பம்புதான் போட்றியா?"

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், எனக்குத் தெரியும்படி. என் வீட்டுக்காரர் ரெஞ்சைத் துடைத்து மேஜையில் வைத்தார். முள்ளை ஒரு தடவை பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருக்கிறேன், அம்மா வீட்டில் அந்த நாற்காலியைப் பார்க்கும்போது.

திரும்பி வரும்போது இவர் எங்கள் ஷெட்டைத் தாண்டி நடந்துகொண்டே இருந்தார்.

"எங்க போறீங்க?"

"பார்ட்ஸ் கடைக்கு."

"எதுக்கு?"

"தம்பி மீட்டரப் பாப்பான்ல. உச்சியில பாத்துப் பழகுனவன். முள்ளு கீழ நின்னா பயந்துருவான்."

தம்பி பயப்படுவான் என்ற சாக்கு எனக்கும் சௌகரியமாக இருந்தது. அக்கா சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருந்தது. "ஆமா, பெருசே போடுங்க" என்றேன்.

கடைக்காரர் கறாரான ஆள். பெரிய பம்ப் என்றதும் பெட்டியை எடுக்காமல், "பேரிங் இடைவெளி என்ன வெச்சிருக்கீங்க?" என்று கேட்டார். இவர் அத்தான் வைக்கிற அளவைச் சொன்னார். மைக்ரான் என்று பெயர் வாங்கிய மனுஷன் மைக்ரானில் பொய் சொன்னார். கண் இமைக்கவில்லை. நான் மேலே தொங்குகிற ஃபேன் பெல்ட்டுகளைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பெரிய பம்பைப் பூட்டி ஓடவிட்டதும் முள் விருட்டென்று ஏறியது. அத்தானுடையதைவிட ஒரு கோடு கூடவே. இறுக்கமான என்ஜினில் ஏறாமல் என்ன செய்யும்? இவர் அதை போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். வாழ்க்கையில் அந்தக் குரூப்பில் அவர் எதையும் போட்டதில்லை. அம்மாவின் பிறந்தநாளுக்குக்கூட நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துப் போடுவேன். தம்பி கைதட்டுகிற படம் அனுப்பினான். அக்கா பார்த்துவிட்டாள், பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாத இடத்தை நான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தேன்.

சாயங்காலம் அத்தானிடமிருந்து போன். ஸ்பீக்கரில் போடச் சொல்லிச் சைகை காட்டினேன்.

"சகலை, நல்லாத்தான் காட்டுது. என்ன பம்ப் போட்ட?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன்.

"சாதாரண பம்புதான்."

"சும்மா சொல்லாத."

"அட, பால் புகட்ற பம்புதான், நீங்க சொன்னதேதான். கட்ற விதத்துல கட்டினா அதுவே போதும்."

அத்தான் "சரி சரி" என்று வைத்துவிட்டார். அன்றைக்கு இவர் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். மெல்லிய குரலில் பாட்டு வேறு. என் வயிறும் குளிர்ந்துதான் இருந்தது, மறைப்பானேன்.

பந்தயத்துக்கு முன்பு ஃபில்டர் வாங்கப் போனபோது கடைக்காரர் பேச்சுவாக்கில் சொன்னார்: "உங்க சகலை வந்தாரு. சாதாரண பம்ப் ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு. அவர் எப்பவும் பெருசுதானே போடுவாரு?"

கேட்டதும் எனக்குப் புரிந்துவிட்டது. எனக்கே புரிந்தால் இவருக்குப் புரியாதா? தளர்வான என்ஜின். ஆயில் சூடேறி நீர்த்துப்போனால் அந்த இடைவெளிகளில் எல்லாம் ஓடிவிடும். சின்ன பம்ப் ஈடுகொடுக்காது. இவர் ஃபில்டரைக் கையில் வாங்கிக்கொண்டு, "அப்படியா" என்றார். வெளியே வந்ததும் உதட்டோரம் ஒரு சிரிப்பு.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"என்னன்னு?"

"நாம போட்டது பெருசுன்னு."

"அவரு ஒரு நாளாவது எனக்கு எதையாவது சொல்லியிருக்காரா?"

அது உண்மைதான். மேலே நான் வற்புறுத்தவில்லை. தையல் மெஷின் ஞாபகம் வந்தது.

பந்தய நாள் காலையில் நல்ல குளிர். காரை நிறுத்தி வேலை பார்க்கிற எங்கள் பிட்டுக்கு ஒரு பக்கம் அத்தானின் பிட். இன்னொரு பக்கம் புதிதாக ஷெட் போட்டிருந்த ஓர் ஆள். தடித்த மூக்குக்கண்ணாடி போட்டிருந்ததால் எல்லோரும் அவரைக் கண்ணாடி என்றே கூப்பிட்டார்கள். முன்பக்கம் நசுங்கிய பழைய கார் ஒன்றோடு வந்திருந்தார். "அக்கா, ஆயில் ஊத்த ஒரு புனல் இருக்குமா?" என்று என்னிடம் இரவல் கேட்டார். கொடுத்தேன். புனல்கூட இல்லாமல் பந்தயத்துக்கு வந்திருக்கிறாரே என்று நானும் என் வீட்டுக்காரரும் கண்ணால் சிரித்துக்கொண்டோம். அந்தப் பக்கம் அத்தானும் சிரிப்பது தெரிந்தது.

கொடி அசைந்ததும் தம்பி எல்லோரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனான். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாண மேடைக்குப் பிறகு வெளியிடத்தில் என் கையைப் பிடித்தது அப்போதுதான். எங்கள் கார் வளைவிலிருந்து வெளியே வந்தபோது நான் அக்கா பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன், அவள் முகம் எப்படிப் போகிறது என்று. அதனால் காரின் சத்தம் நின்றதை நான் முதலில் கவனிக்கவில்லை. இவர் கை என் கையை விட்டதுதான் தெரிந்தது.

கார் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து ஓரமாக நின்றது. தம்பி இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றினான்.

"முள்ளு உச்சியில இருந்துச்சு மாமா. டக்குனு ஜீரோ. ஆஃப் பண்றதுக்குள்ள உள்ள கரகரன்னு பிடிச்சுக்கிச்சு."

குளிரில் கெட்டியாக இருந்த ஆயிலைப் பெரிய பம்ப் பிடித்துத் தள்ள, போக வழியில்லாமல் அந்தப் பென்சில் தண்டு முறிந்திருக்கும். கழற்றாமலே இவருக்குத் தெரியும். அவரே சொன்னதுதானே.

பல் டாக்டரின் கார் இப்போது முதலில் போய்க்கொண்டிருந்தது. அக்கா எழுந்து நின்று கைதட்டினாள். என் வீட்டுக்காரர் செத்த என்ஜினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, தலையைச் சாய்த்து, அந்தக் காரின் சத்தத்தைக் கேட்டார். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு தடவை கேட்டார். வெயில் ஏற ஏற, அடியில் டொக் டொக் என்று ஒரு சத்தம் புறப்பட்டது. கதவைத் தட்டுகிற மாதிரி, முதலில் மெதுவாக, பிறகு அவசரமாக. இவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. தன் என்ஜின் செத்துக் கிடக்கிறது, தம்பி தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறான், மனுஷன் முகத்தில் வெளிச்சம்! சீ என்று இருந்தது எனக்கு. ஆனால் எனக்கும் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது. கடைசிச் சுற்றுக்கு முன்பே அந்தக் காரும் புகையோடு வந்து நின்றது.

பக்கத்துப் பக்கத்துப் பிட்டில் இரண்டு பேரும் படுத்துக்கொண்டு ஆயில் அடித்தொட்டியைக் கழற்றினார்கள். அத்தான் முதலில் எழுந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எங்கள் பக்கம் வந்தவர், தட்டில் கிடந்த பெரிய பம்பையும் முறிந்த தண்டையும் பார்த்தார்.

"சாதாரண பம்புன்னு சொன்ன?"

இவர் அங்கே எட்டிப் பார்த்தார். அத்தானின் தட்டில் சின்ன பம்ப், புத்தம் புதுசாக.

"நீங்க எதுக்கு மாத்தினீங்க?" என்றார் இவர்.

அத்தான் வாயைத் திறந்தார். தாராளம் என்று பெயர் வாங்கிய வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. அக்கா என்னைப் பார்த்தாள். நான் துணியை எடுத்து, ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனரையே மறுபடி துடைத்தேன்.

தம்பி எழுந்து வந்தான். பெரிய பம்பை ஒரு கையிலும் சின்ன பம்பை இன்னொரு கையிலும் எடுத்துப் பார்த்தான்.

"பெரிய மாமா, இது உங்க என்ஜின்ல இருந்திருக்கணும். சின்ன மாமா, இது உங்க என்ஜின்ல இருந்திருக்கணும். ரெண்டு பேரும் கார நெனச்சுக் கட்டல. அவங்கவங்க மூஞ்சிய நெனச்சுக் கட்டியிருக்கீங்க."

இரண்டையும் கீழே வைத்தான். "இனிமே ரெண்டு பேரும் என் கார்ல கை வைக்க வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். அப்போதுதான் கண்ணாடி புனலைக் கழுவிக்கொண்டு வந்து திருப்பிக் கொடுத்தார். அவர் கார் இரண்டாவதாக வந்திருந்தது. யாரும் அதைக் கவனிக்கவே இல்லை, தம்பியைத் தவிர.

அதன் பிறகு கொஞ்ச நாள் எங்கள் தெருவில் இரண்டு கோடியிலும் சத்தமில்லை. ஒரு மத்தியானம் அத்தான் எங்கள் ஷெட்டுக்கு வந்தார். உட்காருங்கள் என்று யாரும் சொல்லாமலே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டார். நான் டீ கொண்டுபோனேன்.

"சகலை, கார் யாருகிட்ட போயிருக்கு தெரியுமா?" என்றார் குரலைத் தாழ்த்தி.

"தெரியும். கண்ணாடிகிட்ட."

"அவன் என்ன பம்ப் போட்றானாம்?"

"கடைக்காரர்கிட்ட கேட்டுப் பாத்தேன். சொல்ல மாட்டேங்குறாரு."

"நானும் கேட்டேன். எனக்கும் சொல்லல" என்றார் அத்தான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள். எத்தனையோ வருஷமாக அவர்கள் எதிலும் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அடுத்த பந்தயத்தில் தம்பி ஜெயித்தான். அம்மா எல்லோரையும் சாப்பிடக் கூப்பிட்டாள். நாங்கள் உள்ளே நுழையும்போது அலமாரியில் புதுக் கோப்பை இருந்தது. ஜன்னலோரத்து மெத்தை நாற்காலியில் கண்ணாடி உட்கார்ந்திருந்தார். கூச்சத்தோடு நுனியில்தான் உட்கார்ந்திருந்தார், அது இன்னும் எரிச்சலாக இருந்தது. அம்மா தண்ணீரைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, "நல்லா சாஞ்சு உக்காருப்பா" என்றாள்.

அத்தான் ஹால் நடுவில் ஒரு நிமிஷம் நின்றார், எங்கே உட்காருவது என்று தெரியாமல். என் வீட்டுக்காரர் வாசல் பக்கத்து பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அடுக்கி வைத்திருந்ததில் இன்னொன்றை எடுத்து, தன் நாற்காலியோடு ஒரே கோட்டில் வரும்படி நகர்த்திப் போட்டார்.

"வாங்கண்ணே. இங்க காத்து வராது, பழகிக்கணும்."